மாவுப் பிள்ளையின் சம்பந்திகள்

தியாபாயாவில் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குச் சூரியன் மட்டும் போதாது. ரொட்டிக்கடைக்காரர் பாசிலியோ தன் அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்து, முதல் தட்டு மூணுமுனை ரொட்டியை வெளியே இழுக்க வேண்டும். அந்த வாசனை தெருவில் இறங்கிவிட்டால், பத்து நாளாகக் கண் திறக்காமல் கிடப்பவன்கூட எழுந்து உட்கார்ந்து "குழம்பு கொதிச்சுதா?" என்று கேட்பான். ஞாயிறு காலைக்கென்றே சனிக்கிழமை சோளக்கள்ளில் ஊறப்போட்ட பன்றிக்கறிக் குழம்பு வீட்டுக்கு வீடு மண்சட்டியில் தளதளக்கும். அதைத் தொட்டுச் சாப்பிட பாசிலியோவின் ரொட்டி இல்லையென்றால் ஊரில் பாதிப்பேர் பூசைக்கே போகமாட்டார்கள். மிஸ்டி எரிமலை மட்டும் என்ன, ஒழுக்கமா? அதுவும் மேகத்தை விலக்கிக்கொண்டு கடைப் பக்கம்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பாசிலியோ பெரிய உருவம். முதலில் அவர் தொந்தி கடைக்குள் நுழைந்து வியாபாரத்தைத் தொடங்கிவிடும். அவர் பின்னால் சாவகாசமாக வந்து சேர்வார். மனைவி போய்ச் சேர்ந்து ரொம்ப காலம். பிள்ளைகள் தலைநகர் லீமாவில் போய்க் கரைந்துவிட்டார்கள். தியாபாயா வெங்காயம் விளைகிற ஊர், அங்கே அழுவதற்குக் காரணம் தேடவேண்டியதில்லை. ஆனால் பாசிலியோ வெங்காயமே இல்லாமல் அழுவார். ரேடியோவில் மாடு காணாமல் போன அறிவிப்பு வந்தால் அழுவார். மாடு கிடைத்துவிட்டது என்று வந்தால் இன்னும் அதிகமாக அழுவார்.

அந்தக் கடையின் கை எர்மெலிந்தாவுடையது. குமரியாக இருக்கும்போது மாவு சலிக்க வந்தவள், தலை நரைக்கத் தொடங்கிய பின்னும் அங்கேதான். உருட்டிய மாவை இடது உள்ளங்கையில் வைத்து வலது கை விரல்களால் ஒரு கிள்ளு, ஒரு மடிப்பு, ஒரு திருகு. மூணு முனையும் நட்சத்திரம்போல எழுந்து நிற்கும். அந்த வேகத்துக்கு நடுவில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தால் அதுவும் மூணு முனையோடுதான் பறந்து போகும் என்று ஊரில் சொல்வார்கள். சொன்னவர்கள் அந்த ஈயைப் பார்த்ததாகவும் சத்தியம் செய்வார்கள்.

அவளுக்கும் பாசிலியோவுக்கும் உள்ள உறவு மாவில் பிறந்தது. சகல புனிதர் திருநாளில் அந்த ஊரில் ரொட்டியால் பிள்ளை செய்வார்கள். சுற்றிய துணிக்குள் குழந்தை கிடப்பதுபோல நீளமான இனிப்பு ரொட்டி, அதற்குச் சுண்ணத்தில் வார்த்து வண்ணம் தீட்டிய சின்ன முகம். பிறகு அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பார்கள். விளையாட்டுத்தான். முடிதிருத்துகிறவர் பெண்டாட்டியின் பாவாடையைத் தோளில் போட்டுக்கொண்டு பாதிரியாராக வந்தார். தீர்த்தம் சோம்புச் சாராயம். பிள்ளைமேல் தெளித்ததைவிடப் பாதிரியார் உள்ளே தெளித்துக்கொண்டதுதான் அதிகம். எர்மெலிந்தாவும் அவள் புருஷன் நிகனோரும் பெற்றவர்கள், பாசிலியோ ஞானத்தகப்பன். பெற்றவர்களும் ஞானத்தகப்பனும் அந்த ஊரில் ஒருவருக்கொருவர் ஞானச்சம்பந்தி.

"இந்தப் பிள்ளையை எறும்புகிட்டேர்ந்தும் எலிகிட்டேர்ந்தும் காப்பாத்துவியா?" என்று கேட்டார் பாவாடைப் பாதிரியார்.

"காப்பாத்துவேன்."

"காப்பிகிட்டேர்ந்து?"

"அதுக்கு நான் பொறுப்பில்ல சாமி."

தெரு சிரித்துக் குலுங்கியது. பிள்ளைக்குப் பெர்ப்பெத்துவா என்று பெயர் வைத்து, அன்று சாயங்காலமே காப்பியில் தோய்த்துத் தின்று தீர்த்தார்கள். மறுநாள் போதை தெளிந்ததும் மற்றவர்கள் எல்லாம் மறந்தார்கள். இந்த ரெண்டு பேரும் மறக்கவில்லை. எர்மெலிந்தாவுக்கு வயிற்றில் எதுவும் தங்கவில்லை. வேறு எந்தப் பிள்ளையை வைத்து அவளுக்கு ஞானச்சம்பந்தி கிடைக்கப் போகிறார்? மறுநாள் காலையில் பாசிலியோ "வாங்க சம்பந்தியம்மா" என்றார். அவள் "வந்தேன் சம்பந்தி" என்றாள். அன்றிலிருந்து அதுதான் பேர். பிள்ளை மாவாக இருக்கலாம், உறவு மாவில்லை.

இடையில் ஒரு வருஷம், தொழிலாளர்களைக் காப்பீட்டில் பதியவேண்டும் என்று ரேடியோ கத்திக்கொண்டே இருந்தது. பாசிலியோ ஒருநாள் கணக்குப்பிள்ளை ஒருவரைக் கூட்டிக்கொண்டு, கையில் காகிதத்தோடு வந்து நின்றார்.

"என்ன சம்பந்தி இது?"

"சும்மா ஒரு கையெழுத்து. நீங்க இங்க வேல பாக்குறீங்கன்னு."

எர்மெலிந்தாவின் முகம் புளிக்காத மாவுபோல இறுகிவிட்டது. "நமக்குள்ள கடுதாசியா? நாளைக்கு நான் செத்தா, சவப்பெட்டிக்கும் ரசீது கேப்பீங்களா?"

"ஐயோ, அப்படியில்ல..."

"என்னய வேலக்காரின்னு எழுதப்போறீங்க. எழுதுங்க. சம்பந்தின்னு கூப்பிடுறத இன்னையோட நிறுத்திடுங்க."

ஒரு வாரம் அவள் வாய் திறக்கவில்லை. அந்த வாரம் ரொட்டிகள் ரெண்டு முனையோடுதான் வெளியே வந்தன. ஊர் கலவரமாகிவிட்டது. பாசிலியோ காகிதத்தை அடுப்பில் போட்டார், அழுதார், சமாதானம் ஆனார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது என்பதை மறைத்துப் பயனில்லை. கட்டவேண்டிய சந்தா மிச்சம்தானே. அன்பும் ஆதாயமும் ஒரே தட்டில் வெந்தால் எதன் ருசி எது என்று வெந்தவனுக்கே தெரியாது.

பிறகு ஒரு வருஷம், அக்டோபர் கடைசியில், சகல புனிதர் திருநாளுக்கான பிள்ளை ரொட்டிக்கு ஆர்டர் மலைபோல வந்து குவிந்தது. இனிப்பு மாவு கெட்டி மாவு. அதை உருட்டிப் பிசைகிற எந்திரத்தில் ரெண்டு உருளை எதிரெதிராகச் சுழலும். முன்னால் கை போகாமல் தடுக்க ஒரு தகடு. கெட்டி மாவு அந்தத் தகட்டில் சிக்கிச் சிக்கி நின்றது. எர்மெலிந்தா கரண்டிக் காம்பைக் கொடுத்துத் திருகி அதைக் கழற்றி, சுவரில் பூண்டுச் சரம் தொங்கும் ஆணியில் மாட்டிவிட்டாள்.

பாசிலியோ பார்த்தார். "சம்பந்தியம்மா, அது..."

"திருநா முடிஞ்சதும் மாட்டிக்கலாம் சம்பந்தி. இப்ப வேல ஓடட்டும்."

"சரி, பாத்துப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மத்தியானம், நல்ல வெளிச்சத்தில்தான் நடந்தது. யார் சம்பந்தி, யார் வேலைக்காரி என்றெல்லாம் எந்திரத்துக்குத் தெரியாது. மாவோடு சேர்த்து அவள் வலது கையையும் அது உள்ளே வாங்கிக்கொண்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் நின்று, ஊசி போட்டு, கட்டுக் கட்டிய பிறகு நர்ஸ் கேட்டாள். "எங்கம்மா வேல பாக்குறீங்க? காப்பீடு எந்த முதலாளி பேருல?"

"வேலையெல்லாம் இல்ல தாயி. சம்பந்தி வீட்டுக்கு ஒத்தாசைக்குப் போனேன்."

பாசிலியோ பக்கத்தில்தான் நின்றார். தொந்திமேல் ரத்தம் காய்ந்துபோயிருந்தது. வாயைத் திறந்தார். எர்மெலிந்தா அவரைப் பார்த்து, 'சும்மா இருங்க' என்பதுபோலக் கண்ணை மூடித் திறந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

ரெண்டு விரல் அங்கேயே போய்விட்டன. மிச்சம் மூன்றை மீட்கலாம் என்றார் டாக்டர். மறுபடி மறுபடி அறுத்துத் தைக்க வேண்டும், மாசக்கணக்கில் பயிற்சி கொடுக்க வேண்டும். அதற்கெல்லாம் தொழிலாளர் காப்பீட்டு ஆஸ்பத்திரிதான் இடம். வெளியே செய்வதென்றால் அரண்மனையை விற்கவேண்டும், நிகனோரிடம் இருந்ததோ ஒரு கழுதை. சும்மா விட்டால் விரல்கள் உள்ளே மடங்கி, கை கறிக்கடைக் கொக்கி மாதிரி ஆகிவிடும்.

வீட்டில் நிகனோர் அவளுக்கு உருளைக்கிழங்குச் சூப்பு ஊட்டினான். அவன் வெங்காய மூட்டை தூக்குகிறவன். பத்து மூட்டையை ஒரே மூச்சில் லாரியில் ஏற்றுவான், ஒரு கரண்டியை வாய்வரைக்கும் கொண்டுபோகத் தெரியாது. பாதி சூப்பு அவள் மடியில்.

"இத்தன வருஷமா விடியறதுக்கு முன்னாடி எழுந்து போனியே, அங்க என்னடி பண்ணுன? செபமால சொன்னியா?"

"சும்மா இருய்யா."

"வேல பாத்தேன்னு ஒரு வார்த்த. சொன்னா வாய்ல இருக்குற பல்லு கொட்டிடுமா?"

"சம்பந்தி மேல புகார் குடுத்தவ எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கோயிலுக்குப் போறது?"

"கை இல்லாம எப்படிச் சிலுவ போடுவ? அத மொதல்ல சொல்லு."

அவள் சூப்பை முழுங்கிவிட்டுச் சொன்னாள். "எவரிஸ்தோ கத தெரியாதா ஒனக்கு?"

தெரியாதவர் அந்த ஊரில் யாரும் இல்லை. எவரிஸ்தோவும் தாமியானும் சம்பந்திகள். காளைச் சண்டையில் ஒருத்தன் காளை இன்னொருத்தன் காளையை ஓட ஓட விரட்டியது. தோற்ற ஆத்திரத்தில் எவரிஸ்தோ மைதானத்தில் எல்லாரும் கேட்க, "இவன் எனக்குச் சம்பந்தி இல்லை" என்று சொல்லிவிட்டான். சாட்சி முன்னால் அப்படிச் சொன்னால் முடிந்தது. அந்த உறவுக் கயிறு அறுந்தது அறுந்ததுதான். பிஷப்பே வந்தாலும் முடிச்சுப் போட முடியாது. பூமி குலுங்கி வீடெல்லாம் ஆடிய அன்றுகூட ஒருத்தன் வாசலில் இன்னொருத்தன் ஒதுங்காமல், ரெண்டு பேரும் நடுத்தெருவில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நான் காளையா சண்ட போடுறேன்?" என்றான் நிகனோர். "என் பொண்டாட்டி கையக் கேக்குறேன்." மறுநாள் அவளிடம் சொல்லாமல் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனான். வியாழக்கிழமை ஆய்வாளர் வருவார் என்ற செய்தியோடு திரும்பி வந்தான். எர்மெலிந்தா இடது கையால் எறிந்த செருப்பு அவன்மேல் படவில்லை, கழுதைமேல் பட்டது.

புதன்கிழமை அவள் பாசிலியோ வீட்டு அடுக்களைக்குப் போனாள். அவர் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பைப் புதன்கிழமையே வைத்திருந்தார். ஊர் சரித்திரத்தில் அது முதல் தடவை. ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து, அவள் இடது கையில் கொடுத்தார்.

"சாப்பிடுங்க சம்பந்தியம்மா."

"நாளைக்கு ஒரு பொண்ணு வரும் சம்பந்தி. அந்த மனுசன் போயி என்னத்தையோ ஒளறிட்டு வந்திருக்காரு. நீங்க பயப்படாதீங்க. வேலையெல்லாம் இல்ல, உறவுமுறைக்கு வந்து போனேன்னு நான் சொல்லிடறேன். நீங்க ஆமான்னு தலைய மட்டும் ஆட்டுங்க."

"அப்படிச் சொன்னா கை?"

"கை கெடக்கு. இடது கை இருக்குல்ல. அதுக்கும் பழக்கிடுவேன்."

பாசிலியோ இன்னொரு துண்டு பிய்த்தார். கொடுக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

"தகட்டக் கழட்டுனது யாரு?"

"நான்தான்."

"பாத்துக்கிட்டு நின்னது?"

அவள் கையிலிருந்த துண்டை மறுபடி குழம்பில் தோய்த்தாள்.

"கடை யாரோடது?"

"என்ன சம்பந்தி, ஜட்ஜு மாதிரி கேக்குறீங்க? உண்மையச் சொன்னா ஒங்க அடுப்ப ஏலத்துக்குக் கொண்டுவந்துடுவாங்கன்னு நிகனோரே சொல்றாரு. அடுப்பு போனா நீங்க என்ன பண்ணுவீங்க? லீமாவுக்குப் போயி மருமககிட்ட அளந்து போட்ட சோத்தத் திம்பீங்களா?"

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மீசையில் இறங்கியது.

"இப்ப எதுக்கு அழுகை?"

"மொளகா காரம்" என்றார். அந்தக் குழம்பில் அவர் மிளகாய் போடவே மறந்திருந்தார். அவளும் அதைச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை ஆய்வாளர் வந்தாள். யெசேனியா என்று பேர். வெங்காயத்தாள் போல ஒல்லி, தலையில் பெரிய பாதுகாப்புத் தொப்பி, காலில் சகதி. ரொட்டி வாங்க நின்றவர்கள் வரிசையைக் கலைக்காமலே காதை மட்டும் உள்ளே அனுப்பினார்கள். தெருவில் அவ்வளவு அமைதி, பெரிய வெள்ளிக்கிழமையில்கூட இருந்ததில்லை. நிகனோர் கதவோரம் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான்.

அவள் எந்திரத்தைப் பார்த்தாள். உருளைகளுக்கு முன்னால் வெறுமையாக இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு எர்மெலிந்தா பக்கம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்கம்மா. இங்க என்ன வேல பாத்தீங்க?"

"வேலன்னு இல்ல மகளே. இவரு எனக்கு ஞானச்சம்பந்தி. இவருக்குச் சம்சாரமும் இல்ல. தனியா கெடக்காரேன்னு அப்பப்ப வந்து..."

"அப்பப்பவா?"

"திருநா, பெருநாளுக்கு. ஒரு கை மாவு உருட்டிக் குடுத்துட்டு..."

"அவங்க பொய் சொல்றாங்க."

பாசிலியோதான். அடுப்புக்குப் பக்கத்தில் தட்டு இழுக்கிற நீளக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்திருந்தது; அடுப்புச் சூட்டில் என்று வைத்துக்கொள்ளலாம்.

"சம்பந்தி, நீங்க சும்மா இருங்க..."

"யாரு சம்பந்தி?" என்றார் பாசிலியோ. அந்தக் குரலை அதுவரை அந்தத் தெரு கேட்டதில்லை. "இவங்க எனக்குச் சம்பந்தி இல்ல. எழுதிக்குங்க அம்மணி. ரொட்டிக்கு எவனாவது ஞானஸ்நானம் குடுப்பானா? குடிச்சுட்டு ஆடுன கூத்து அது. இவங்க எனக்கு ஒறவும் இல்ல, ஒட்டும் இல்ல. வேலக்காரி. விடியுமுன்ன வரச் சொல்லுவேன், வருவாங்க. சம்பளம் குடுப்பேன், வாங்குவாங்க. நான் பதியல. தகடு இல்லாம எந்திரம் ஓடுச்சு, கண்ணால பாத்தேன், பாத்துட்டு முதுகத் திருப்பிக்கிட்டேன். வேற என்ன வேணும்? வேலக்காரி. அவ்வளவுதான்."

வெளியே வரிசையில் யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

எர்மெலிந்தா அசையவில்லை. எந்திரம் கையைப் பிடித்தபோது ஊரையே கூட்டியவள், இப்போது ஒரு மூச்சும் விடவில்லை.

யெசேனியா எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை நிறுத்தினாள். "ஐயா, எனக்கு ஒண்ணு வெளங்கல. சம்பந்தி இல்லைன்னு எதுக்குச் சொல்றீங்க?"

"சம்பந்தின்னா ஒத்தாசைன்னு எழுதிடுவீங்க. அப்பறம் கைக்கு வைத்தியம் கெடைக்காது."

"அப்படின்னு யாரு சொன்னா?"

பாசிலியோ விழித்தார். யாரும் சொல்லவில்லை. அந்த ஊரில் அதைப் பிறத்தியார் யாரும் சொல்லவேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். கடுதாசி வந்தால் உறவு போகும், உறவு இருந்தால் கடுதாசி வராது.

"சம்பந்தியா இருந்துக்கிட்டே தொழிலாளியா இருக்கலாமேய்யா" என்றாள் யெசேனியா. அவள் குரல் மெதுவாக இறங்கிவிட்டது; என்ன உடைந்தது என்று அவளுக்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். "சட்டம் அதக் கேக்கவே கேக்காது. அவங்க வேல செஞ்சாங்க, நீங்க சம்பளம் குடுத்தீங்க. அது போதும். அவங்களே எனக்கு வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாலும் அந்த உரிம போகாது, விட்டுக்குடுக்க அவங்களால முடியாது. நீங்க பதியலைன்னாலும் வைத்தியம் உண்டு, செலவ ஒங்ககிட்ட வாங்கிக்குவாங்க. மாசாமாசம் கட்டுற மாதிரிகூடக் கேக்கலாம்."

"அது மட்டும் போதுமா?"

"போதும்."

"சம்பந்தின்னு இருந்தாலும்?"

"இருந்தாலும்."

பாசிலியோ கட்டையைச் சுவரில் சாய்த்தார். அது நிற்கவில்லை, சரிந்து விழுந்தது. குனிந்து எடுக்கவும் இல்லை. அடுப்புக்குள்ளிருந்து கரிகிற வாசனை வந்தது. அந்தக் கடை திறந்த நாளிலிருந்து ஒரு ரொட்டிகூடக் கரிந்ததில்லை என்பார்கள். அன்று ஒரு தட்டு முழுக்கக் கரிந்தது. அவர் கதவைத் திறக்கவில்லை.

"சம்பந்தியம்மா" என்றார்.

எர்மெலிந்தா ஆய்வாளரைப் பார்த்து, "அவரு சொன்னபடியே எழுதிக்க மகளே. அவரு பொய் சொல்லமாட்டாரு" என்றாள். பிறகு எழுந்தாள். கட்டுப்போட்ட கையை டாக்டர் சொல்லியிருந்தபடி மார்புக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். "எத்தன நாள் ஓய்வுல இருக்கணும்?"

"கை ஆறுற வரைக்கும்மா. அதுவரைக்கும் சம்பளமும் உண்டு."

எர்மெலிந்தா பாசிலியோ பக்கம் திரும்பினாள்.

"அப்ப ஆறுனதும் வரேன் முதலாளி."

பெரிய உருவம் அது. ஆனாலும் அந்த ஒரு சொல் பட்டதும் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டது. மூட்டை வெடித்து மாவு எழுந்து, கடையே வெளுத்துப்போயிற்று. அவள் வெளியே வந்தாள். வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். ஒருத்தரும் ஒரு வேடிக்கையும் பேசவில்லை. தியாபாயாக்காரர்களுக்கு அது சாவுக்குச் சமானம்.

எர்மெலிந்தாவும் நிகனோரும் வாய்க்கால் கரையோரமாக நடந்தார்கள்.

"ஒனக்காகத்தான் சொன்னாரு புள்ள" என்றான் நிகனோர்.

"தெரியும்."

"அந்தப் பொண்ணு முன்னாடியே சொல்லித் தொலச்சிருக்கலாம்."

"நாமளும் கேட்டிருக்கலாம்."

வெங்காய வயலில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. மடை மாற்றுகிறவன் இவர்களைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினான், சேதி அதற்குள் அங்கேயும் போய்ச் சேர்ந்திருந்தது.

"கையக் கீழ தொங்க விடாத" என்றான் நிகனோர். அவள் தூக்கிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும், "நல்ல மனுசன்டி" என்றான்.

"ஆமா. நல்ல முதலாளி" என்றாள் எர்மெலிந்தா.